இரண்டு படுக்கைகளுக்கு ஒரே எண்

அக்டோபர் 3

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பேசினால் கேட்க ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்று ஐதராபாத் கருத்தரங்கின் காணொளியை அலுவலகத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். மேடையில் ஸ்ரீவத்சன் நிற்கிறான். என்னைவிட மிக இளையவன், எனக்கு மேலதிகாரி. அவனுக்குப் பின்னால் திரையில் ஓடியது நான் வரைந்த படம். அம்புக்குறிகளைக்கூட மாற்றவில்லை. முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் கவனிப்பார்கள்.

எங்கள் கம்பெனி, மருத்துவமனைப் படுக்கையருகே வைக்கும் மானிட்டர்களைச் செய்கிறது. நாடித்துடிப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன், ரத்த அழுத்தம் மூன்றையும் அளந்து, நர்சுகள் உட்காரும் இடத்தில் உள்ள பெரிய திரைக்கு அனுப்பும். அந்தத் திரைக்கு நோயாளியைத் தெரியாது, படுக்கையையும் தெரியாது. மானிட்டரின் அடையாள எண்ணை மட்டும்தான் தெரியும். ஓர் எண்ணுக்கு ஒரு கட்டம். அது எந்தப் படுக்கை என்று கட்டத்தின் மேல் நர்சுகள் பெயர் கொடுத்துக்கொள்வார்கள்.

அந்த எண்ணைப் பிறப்பிப்பது கெர்னல். இயங்குதளத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் விழித்தெழும் பகுதி அது. எண்ணுக்கென்று ஒதுக்கிய இடம் காலியாக இருந்தால், சிப்பின் சூடு, கடிகாரத்தின் நடுக்கம் என்று எதிலெதிலிருந்தோ தற்செயலைத் திரட்டி, உலகில் வேறெந்த மானிட்டருக்கும் வராத ஓர் எண்ணை உண்டாக்கி எழுதிவைக்கும். அடுத்த முறையிலிருந்து அதையே படித்துக்கொள்ளும். இதை எழுதியவன் நான். கூடவே ஒரு காவலும் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும், இந்த எண் இதே போர்டில் பிறந்ததுதானா என்று சிப்பில் பொறித்திருக்கும் தொடர் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும். வேறு போர்டில் பிறந்தது என்றால் அதை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை உண்டாக்கும்.

ஸ்ரீவத்சன் அந்தக் காவலை எடுத்துவிட்டான்.

"புரொபசர், ஒரு மெஷின் மெமரிய இன்னொரு மெஷின்ல யார் தூக்கிப் போடப்போறா? டெமோல ஆன் பண்ணா டக்குனு வரணும். டாக்டருங்க வாட்ச பாக்கறாங்க."

புரொபசர் என்பது எனக்கு அவன் வைத்த பெயர். நான் எதையும் முழுதாக விளக்கிவிடுவேன் என்பதற்கான கிண்டல். காவலை எடுத்த கையோடு, கோப்பின் தலைப்பில் இருந்த என் பெயரையும் எடுத்தான். கேட்டதற்கு, "கோடு பாதிக்கு மேல மாறிடுச்சில்ல, அதான்" என்றான். மாறியது அவன் நீக்கிய பகுதி மட்டும்.

எம்.இ.யில் என் வகுப்பில் முதல் மூவரில் ஒருவன் நான். பெருமைக்காக எழுதவில்லை.

அக்டோபர் 9

கேன் தண்ணீர் வரவில்லை. மாடிக் குழாயில் கசிவு. பிளம்பர் நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறான். போன வாரமும் இதையேதான் சொன்னான்.

அக்டோபர் 20

ஆயுத பூஜை திங்கள்கிழமைதான். கம்பெனியில் வழக்கம்போல் வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டார்கள். அம்பத்தூர் தொழிற்சாலைக்கு எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

புது வரிசை மானிட்டர்களில் முதலாவதுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, லைன் சூப்பர்வைசர் குப்புராஜ் கற்பூரம் காட்டினார். ராகு காலம் தொடங்குமுன் ஸ்ரீவத்சன் அதை ஆன் செய்தான். திரையில் பச்சைக்கோடு ஓடியதும் கைதட்டல், செல்போன்களில் படம். பூஜை பீஸ் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று உண்டு. அது விற்பனைக்குப் போகாது. மாலை காய்ந்த பிறகும் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் நிற்கும்.

மற்ற மானிட்டர்களுக்கான மென்பொருளை, ஒருமுறைகூட ஆன் செய்யாத தனி மெமரி கார்டிலிருந்துதான் பிரதி எடுப்பார்கள். எண்ணுக்கான இடம் அதில் காலியாக இருக்கும்.

சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது குப்புராஜ் ஸ்ரீவத்சனிடம் வந்தார்.

"சார், மாஸ்டர் கார்டு மக்கர் பண்ணுது சார். புது சாஃப்ட்வேர் பூஜை பீஸ்லதான் நல்லா ஏறியிருக்கு. அதுலேர்ந்தே காப்பி எடுக்க ஆரம்பிச்சுட்டேன். நல்ல நேரத்துல ஆன் பண்ண பீஸு, மத்ததும் சூப்பரா ஓடும் பாருங்க."

"எதுலேர்ந்தாவது எடு குப்பு. எனக்கு டெலிவரி டேட்டுதான் முக்கியம். அடிச்சு விடு." பிறகு என் பக்கம் திரும்பினான். "என்ன புரொபசர், சுண்டல்ல உப்பு சரியா இருக்கா?"

சரியாக இருக்கிறது என்றேன். என்னிடம் கேட்கப்பட்டது அது ஒன்றுதான்.

நவம்பர் 2

மங்கையர்க்கரசி பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "என்னங்க, தனியா சிரிக்கிறீங்க? பிரமோஷனா?" என்றாள்.

"அதைவிடப் பெருசு. வரும், பாரு."

சோதனைக் கூடம் எதற்கு இருக்கிறது? அவர்கள் கண்டுபிடிக்கட்டும். பூஜை பீஸில் பிறந்த எண்ணையும் சேர்த்துப் பிரதி எடுத்த வரிசை முழுவதும் ஒரே எண்ணோடு வந்து நிற்கும்போது, காவலை எடுத்தது யார் என்று கேள்வி வரும். அப்போது பழைய கோப்பைத் தேடுவார்கள். என் பெயர் அங்கே இருக்கும்.

நவம்பர் 10

சோதனைக் கூடம் சான்று கொடுத்துவிட்டது. அவர்கள் ஒரு நேரத்தில் ஒரு மானிட்டரைத்தான் திரையோடு இணைத்துப் பார்க்கிறார்கள். ஒன்று மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். இந்த லட்சணத்தில் ஒரு சோதனைக் கூடம்.

நவம்பர் 14

லாரி கிளம்பிவிட்டது. ஸ்ரீவத்சனுக்கு ஒரு மின்னஞ்சல் எழுத ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே கெஞ்சுவதுபோல் இருந்தது. அழித்துவிட்டேன். ஏதாவது மருத்துவமனையிலிருந்து புகார் வரும், வந்ததும் சரிசெய்வார்கள். அதிகபட்சம் ஒரு கட்டம் திரையில் தெரியாது. எரிச்சல்தான், வேறொன்றும் இல்லை.

பிளம்பர் வந்தான். கசிவு நிற்கவில்லை.

டிசம்பர் 6

கோவில்பட்டியில் ஒரு தனியார் மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்றாம் படுக்கையில் இருந்த முதியவர் இறந்துவிட்டார். ஆக்சிஜன் இறங்கியிருக்கிறது, பணியில் இருந்த நர்ஸ் கவனிக்கவில்லை. திரையில் சரியாகத்தான் காட்டியது என்று அவள் சொல்கிறாளாம். அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, விசாரணைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். தவறு அவளுடையது என்று முடிவானால் நர்ஸ் பதிவே ரத்தாகும்.

ஸ்ரீவத்சன் கூப்பிட்டான். "நீங்க ஒரு எட்டு போயிட்டு வாங்க புரொபசர். நரைச்ச முடிக்கு ஒரு மரியாதை இருக்கு. செக் பண்ணிட்டு, மெஷின் ஓகேன்னு ஒரு ரிப்போர்ட். அவ்ளோதான்."

மதியம் சாப்பிடவில்லை. கேன்டீனில் எல்லாம் எண்ணெய்.

டிசம்பர் 8, கோவில்பட்டி

காலையில் மருத்துவமனை நிர்வாகி என்னைத் தனி அறையில் உட்கார வைத்து, மூன்றாம் படுக்கையின் மானிட்டரைக் கொண்டுவரச் செய்தார். நன்றாக ஓடியது. புது வரிசையில் இவர்களுக்கு வேறு வந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"ரெண்டு வந்துச்சு சார். ஒண்ண மாட்டிட்டோம். இன்னொண்ணு ஸ்பேரா இருந்துச்சு. அன்னிக்குக் கூட்டம், ஒம்பதாம் பெட்டுக்குப் போட்டாங்க."

அதையும் பார்க்கலாமா என்று நான் கேட்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது?

காரிடாரில் அந்த நர்ஸ் நின்றிருந்தாள். ஜெபக்கனி என்று பெயர். பக்கத்தில் கணவன் ஆசீர், வேன் ஓட்டுகிறவன். உள்ளே வரக்கூடாது என்று வாட்ச்மேன் தடுத்துக்கொண்டிருந்தான். நான்தான் விடச் சொன்னேன்.

"நீங்கதான் மெட்ராஸ்ல இருந்து வந்த எஞ்சினியர் சாரா?"

ஆமாம் என்று என் விசிட்டிங் கார்டைக் கொடுத்தேன். ஆசீர் அதை எழுத்துக்கூட்டிப் படித்து, "எம்.இ. போட்டிருக்குல்லா" என்று அவளிடம் காட்டினான்.

"சார், நான் ஸ்கிரீனப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பைபிள் மேல சத்தியமாச் சொல்லுதேன். மூணாம் பெட்டுல தொண்ணூத்தேழுன்னு இருந்துச்சு. மருந்து கொடுக்கப் போய்ப் பாத்தா தாத்தாவுக்கு உதடு நீலமா கெடக்கு."

"பெட் பக்கத்திலேயே மானிட்டர் சத்தம் போடுமே அம்மா?"

"எங்க சார் போடும்? பெட்டு பக்கத்துல சத்தம் வைக்கக் கூடாதுன்னு பெரிய டாக்டர் ஆர்டர். எல்லாம் ஸ்கிரீன்லதான் பாக்கணும். ஒம்பது பெட்டுக்கு நான் ஒருத்தி. இன்னொண்ணு சார். ஒம்பதாம் பெட்டுக்கு மெசின மாட்டுனதும் ஸ்கிரீன்ல அதுக்குக் கட்டமே வரல. உங்க கம்பெனி நம்பருக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரத்துல வந்துரும்னு சொன்னாவ."

வந்திருக்காது. திரைக்கு இரண்டும் ஒரே மானிட்டர்; கடைசியாக இணைந்ததன் அளவைத்தான் காட்டும். ஒன்பதாம் படுக்கையில் இருந்தது வயிற்று ஆபரேஷன் முடிந்த வாலிபன், நல்ல நுரையீரல். அவனுடைய தொண்ணூற்றேழு மூன்றாம் படுக்கையின் கட்டத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"யாருமே நம்ப மாட்டேங்காங்க சார். தூங்கிட்டேன்னு சொல்லுதாங்க. பட்டப்பகல்ல எவ சார் தூங்குவா?"

"ஏளா, சாரு பாக்கத்தான வந்திருக்காவ. விடு" என்றான் ஆசீர். பிறகு என்னிடம், "நீங்க உள்ளத எழுதுங்க சார். அது போதும்."

பார்க்கிறேன் என்றேன். ரயிலுக்கு நேரம் இருந்தது. கடலை மிட்டாய் வாங்கினேன். மங்கையர்க்கரசிக்குப் பிடிக்கும்.

டிசம்பர் 9

சளி. விடுப்பு.

டிசம்பர் 11

இன்று அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். எண். பூஜை பீஸ். காவல். எல்லாவற்றையும், எதையும் விடாமல், வகுப்பு எடுப்பதுபோல.

ஸ்ரீவத்சன் முகம் வெளுத்துப்போனது. அந்த முகத்தைப் பார்க்க நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். நான் நினைத்த அளவுக்கு அது இனிக்கவில்லை.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றான்.

"அங்கே போய்ப் பார்த்ததும்" என்றேன்.

அவன் செல்போனை எடுத்து, தேடி, என் பக்கம் நகர்த்தினான். பூஜை அன்று எடுத்த படம். குப்புராஜ் அவனிடம் பேசிக்கொண்டிருக்கிறார். நடுவில் நான், கையில் தொன்னையோடு.

"காப்பி எடுத்ததச் சொல்லும்போது நீங்க பக்கத்துலதான் நின்னீங்க புரொபசர். எனக்கு இந்த எண்ணுப் பிரச்சினை புரியாது. அத எழுதினவருக்குப் புரியாதா?" குரலில் கோபமே இல்லை. "ரெண்டு பேரும் ஒரே போட்டோல இருக்கோம். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

என் காவல் திரும்ப வர வேண்டும் என்றேன். கோப்பில் என் பெயர் வேண்டும் என்றேன்.

"டன். தலைமை வடிவமைப்பாளர்னு பதவியும் போட்டுடறேன். ரிப்போர்ட்ட மட்டும் கொடுத்துடுங்க."

கொடுத்தேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. 'பரிசோதனைக்குக் கொடுக்கப்பட்ட மானிட்டரை ஆய்வு செய்தேன். அதன் அளவீடுகள் துல்லியமானவை. திரைக்கு அவை பிழையின்றிச் சென்றன.' ஒரு மானிட்டரைக் கொடுத்தார்கள், ஒரு மானிட்டரைப் பார்த்தேன். கீழே முழுப் பெயர், பட்டம், புதிய பதவி, கையெழுத்து.

டிசம்பர் 13

புது மென்பொருள் எல்லா மருத்துவமனைகளுக்கும் இணையம் வழியாகப் போய்விட்டது. வழக்கமான மேம்பாடு என்று அறிவித்தார்கள். மானிட்டர்கள் விழித்தெழும்போது என் காவல் ஒப்பிட்டுப் பார்த்து, இரவல் எண்ணை எறிந்து, ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒன்றை உண்டாக்குகிறது. பிழையே இல்லாமல் ஓடுகிறது. இனி எந்த ஊரிலும் இது நடக்காது. அதற்குக் காரணம் நான்தான் என்பதையும் யாராவது கணக்கில் வைக்க வேண்டும்.

கோவில்பட்டியிலும் போயிருக்கும். இனி அங்கே இரண்டு மானிட்டர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் எதுவும் தெரியாது. நடந்ததைத் தெரிந்தவர்கள் சொன்னால்தான் உண்டு.

கோப்பைத் திறந்து தலைப்பில் என் பெயரைப் பார்த்தேன். மூடிவிட்டு இன்னொரு முறை திறந்தேன்.

டிசம்பர் 22

காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். ஆசீர்.

"சார், உங்க ரிப்போர்ட்ட விசாரணைல வாசிச்சாவ. மெசின்ல ஒரு குத்தமும் இல்லன்னு போட்டிருக்கீகளாம்."

"எனக்குக் கொடுத்த மெஷினைப் பற்றித்தான்..."

"இவ சொன்னத நீங்க காது குடுத்துக் கேட்டீகளே சார். ஒம்பதாம் பெட்டு கட்டம் வரலன்னு சொன்னாளே. அத ஒரு வரி எழுதக் கூடாதா? நல்லா இருங்க. கேக்க வந்தது வேற. எங்க ஆஸ்பத்திரிக்காரங்கள்ல ஒருத்தர் பேர் போடாம ஜட்ஜுக்கு எழுதியிருக்காவ. மெசின்லதான் கோளாறுன்னு. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? மொட்டைக் கடுதாசியெல்லாம் நான் பிரிக்கவே மாட்டேன், நேரா குப்பைக்குத்தான், வெவரம் தெரிஞ்ச எஞ்சினியர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டுச் சொல்லட்டும், கேக்கேன்னாரு. பொங்கலுக்கு முன்னாடி தீர்ப்பு எழுதிருவாராம். எனக்கு எஞ்சினியர்னு தெரிஞ்சது உங்க ஒருத்தரத்தான் சார். உங்க கார்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மங்கையர்க்கரசி கேஸை அணைத்துவிட்டு நின்றாள். "யாருங்க அந்தப் பொண்ணு?"

சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல. அறிக்கையைக் கேட்டு வாங்கி, அடுப்படியிலேயே நின்று படித்தாள்.

"ஒவ்வொரு வரியும் சரியாத்தான் இருக்கு. என் பசங்களும் இப்படித்தான். ஸ்டெப் எல்லாம் அழகாப் போட்டுட்டு ஆன்சரத் தப்பா எழுதி வைப்பாங்க." தாளை நீட்டினாள். "அவங்களுக்காவது ஸ்டெப்புக்கு மார்க் போடலாம்."

டிசம்பர் 23

பேசவில்லை. சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருந்தது.

டிசம்பர் 29

வருடக் கடைசி விருந்து. ஸ்ரீவத்சன் எல்லோர் முன்னிலும் என் தோளில் கைபோட்டு, "நம்ம தலைமை வடிவமைப்பாளர்" என்றான். குப்புராஜ் வந்து கைகுலுக்கினார். "நீங்க இருக்கறதாலதான் சார் எங்களுக்குத் தைரியம்" என்றார். அந்த மனிதருக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. கேக்கைப் பாதியில் வைத்துவிட்டேன்.

ஜனவரி 4

மங்கையர்க்கரசி பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"முடிவு பண்ணிட்டீங்களா?"

"பெயரோட எழுதினா முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? உனக்கு எப்பத் தெரியும்னு கேப்பாங்க."

"எப்பத் தெரியும்?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

செருப்பை மாட்டியவள் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நீங்கள் சொல்லும்வரை உட்கார்ந்திருப்பேன் என்பதுபோல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சொல்ல என்ன இருக்கிறது? அன்று ராகு காலத்துக்கு முன்னால் பூஜை நடந்தது, நானும் இருந்தேன், சுண்டல் கொடுத்தார்கள். அவ்வளவு சொன்னேன். அவள் எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு வேண்டியது உங்க பேரு ஒண்ணுதாங்க" என்றாள். "இத்தன வருசம் எம் பேரு எம் பேருன்னு இந்த வீட்டுல அதைத்தானே கேட்டேன் நான்."

அநியாயமான பேச்சு. என் பெயரை எடுத்தபோது எனக்காக யார் கேட்டார்கள்? ஒருத்தராவது?

ஜனவரி 8

விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலிருந்து தட்டச்சு செய்தேன். இந்த நாட்குறிப்பிலிருந்து இயந்திரம் பற்றிய பகுதிகளை மட்டும் எடுத்துக் கோத்திருக்கிறேன். என்னைப் பற்றியவை விசாரணைக்குத் தேவையில்லை. எண் எப்படிப் பிறக்கிறது, கெர்னல் அதை எங்கே எழுதுகிறது, ஆன் செய்த மானிட்டரிலிருந்து பிரதி எடுத்தால் ஏன் எல்லாம் ஒரே எண்ணோடு வரும், ஒன்பதாம் படுக்கையின் ஆக்சிஜன் மூன்றாம் படுக்கையின் கட்டத்துக்கு எப்படி வந்தது. நர்ஸின் மீது எள்ளளவும் தவறில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். ஒரு படமும் வரைந்து சேர்த்திருக்கிறேன். சட்டம் படித்தவருக்கும் புரியும். இதைவிடத் துல்லியமாக இந்த நாட்டில் யாரும் எழுதிவிட முடியாது.

ஆசீர் இரண்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது?

கடைசிப் பக்கத்தின் அடியில் 'இப்படிக்கு' என்று தட்டச்சு செய்திருந்தேன். அதற்குக் கீழே என்ன போடுவது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தச் சொல்லையும் நீக்கிவிட்டேன்.

நீதிபதி படித்தவர். கோபத்தில் குப்பைக்குப் போடுவேன் என்று சொல்லியிருப்பார். கையில் கனமான உறை வந்தால் பிரிக்காமலா இருப்பார்? முதல் பத்தியைப் படித்தாலே போதும், எழுதியவன் விஷயம் தெரிந்தவன் என்று தெரிந்துவிடும்.

வீட்டுப் பக்கத்தில் வேண்டாம். நாளை தாம்பரம் ஸ்டேஷன் தபால் பெட்டியில் போடுகிறேன், பெயர் இல்லாமல்.